சாக்கின் எடை

விருதம்பட்டு ரேஷன் கடையில்
காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கியதும்
முதலில் தராசைத் துடைப்பேன்.
தட்டில் ஒன்றுமில்லாதபோது
ஒன்றுமில்லை என்று அது சொல்ல வேண்டும்.
நான்கு சிவப்புப் பூஜ்யங்கள்.
என் காலை ஜெபம் அதற்குமேல் நீளமில்லை.

சுவரில் சிலுவை மாட்டவில்லை. அரசாங்கத்துச் சுவர்.
வெள்ளிக்கிழமைகளில் எடையாள் முனிரத்தினம்
தராசுக்கு விபூதி பூசிக் கற்பூரம் காட்டுவார்.
அணையும் வரை தள்ளி நிற்பேன்.
பிறகு மறுபடி பூஜ்யம் பார்ப்பேன்.
"விபூதிக்குக்கூட எடை உண்டா சார்?"
அவர் சிரித்தார், நானும்.

கிடங்கிலிருந்து வரும் மூட்டையில்
ஐம்பது என்று எழுதியிருக்கும்.
நாற்பத்தெட்டு இருக்கும். சில மாதம் நாற்பத்தேழரை.
ஓட்டை வழியே கொஞ்சம், லாரியில் கொஞ்சம்,
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கொஞ்சம்.
போதாததற்குச் சாக்கும் அரிசிக் கணக்கில்.
எனக்கு முன்னிருந்தவர் சாவியோடு
சூத்திரத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்:
"கார்டுக்கு எண்ணூறு கிராம், தம்பி.
யாருக்கும் வலிக்காது."

முதல் இரண்டு மாதம் யாருக்கும் வலிக்கவில்லை.
அதைச் சொல்லிவிடுகிறேன்.
மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு
காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தது.
நூறு ரூபாய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்,
அது எத்தனை எண்ணூறு என்று
மனம் தானாகக் கணக்குப் போட்டது.
பை கடந்து போய்விட்டது.
தாள் கையிலேயே.

சாக்குக்கு எடை உண்டு, ஐநூற்றெண்பது கிராம்.
நான் எனக்குச் சொல்லிவந்த சாக்குக்கும்.
அதைக் கழிக்காமலே இத்தனை நாள்
என்னை நிறுத்துப் பார்த்திருந்தேன்.

மறுநாள் முதல் இருபது என்றால் இருபது.
பழக்க தோஷத்தில் முனிரத்தினத்தின் கை
ஒரு பிடியைத் திரும்ப அள்ளப் போகும்.
பார்ப்பேன். நின்றுவிடும்.

மாத முடிவில் இருப்பு உதைத்தது.
குறைந்த அரிசிக்கு என் சம்பளத்தில் பிடித்தம்.
கெசியா பால் பாக்கெட்டை இரண்டிலிருந்து ஒன்றாக்கினாள்.
"உங்க விசுவாசத்துக்கு
பிள்ளை ஏன் தண்ணிக் காப்பி குடிக்கணும்?"
பதில் இருக்கிறதென்று வாயைத் திறந்தேன்.
இல்லை.

பிறகுதான் கிடங்குக்கே போனேன்,
பாலாற்றுப் பாலத்தில் மொபெட்டை உருட்டி,
கீழே தண்ணீரில்லாத ஆறு,
மேலே கலங்கிய வயிறு.
"ஒவ்வொரு மூட்டையா என் முன்னால எடை போடுங்க.
அப்புறம் கையெழுத்து."
லாரிக்காரர்கள் பீடியை அணைக்கவில்லை.
எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"கிறிஸ்டியனா?"
"ஆமாங்க."
"உங்க ஆளுங்க நாலு பேர்
காலைலயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

அதற்கும் பதில் இல்லை.
நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.
தகர ஷெட், வேலூர் வெயில்,
தண்ணீர் கேட்கக் கூச்சம்.
மூன்று மணிக்கு, நான் போகமாட்டேன் என்ற எரிச்சலில்
தராசை இழுத்துப் போட்டார்கள்.

போன வாரம் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
மைக் வரை நடந்து திரும்பிவிட்டேன்.
ஜூன், ஜூலை எண்ணூறுகள்
யார் யார் உலையில் குறைந்தன என்று
வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது.
கோபம் தீராமலே கெசியாதான் கோடு போட்டுத் தந்தாள்,
தாள் வீணாகாமல் இரண்டு பக்கமும்.
எங்கள் கார்டு அரிசியிலிருந்து
மாதம் ஐந்தாறு பேருக்குத் திரும்பப் போகிறது.
சத்தமில்லாமல்.

நேற்று ஜைத்தூன்பீ மட்டும் தராசைப் பார்த்துவிட்டாள்.
"அதிகமா போகுதே, எடுங்க."
"உங்களுதுதாம்மா."
"ஏன், எலெக்‌ஷன் வருதா?"
வரிசையே சிரித்தது.
நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம்.

"ஜூன் மாசம் உங்ககிட்ட எடுத்ததும்மா" என்றேன்.

சிரிப்பு நின்றது.
பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"ஜூலைல?"
"ஜூலையிலும்."
பின்னால் ஒருவர் தன் கார்டை விரித்துப் பார்த்தார்.
இன்னொருவர் விரித்தார்.
முனிரத்தினம் காலிச் சாக்கை உதறினார்,
தூசியில் யாரோ தும்மினார்கள்.

துணியால் தட்டைத் துடைத்தேன்.
எண்கள் கொஞ்சம் ஆடி நின்றன.
"அடுத்த கார்டு" என்றேன்.